பழைய லினக்ஸ் கணினிக்கு ஒரு லேன் கார்டு: கவரை அல்ல, சிப்பைப் பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த மேசைக் கணினியில் லேன் போர்ட் மட்டும் செத்துப்போவது நம் ஊரில் சாதாரணமாக நடப்பது. ஐப்பசியில் ஒரு பலத்த இடி, தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் பிராட்பேண்ட் வயர், அதன் முனையில் மோடம், மோடத்திலிருந்து கணினிக்கு ஒரு செம்புக் கேபிள். மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்காவது விழுந்தாலே அந்த வயரில் தூண்டப்படும் மின்னழுத்தம் போதும். மோடம் போகும், கூடவே மதர்போர்டில் இருக்கும் லேன் சிப்பும் போகும். கணினி மட்டும் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்காக மதர்போர்டை மாற்றுவது வீண். ஒரு லேன் கார்டைச் செருகினால் கணினி இன்னும் பல வருடம் ஓடும். விண்டோஸ் என்றால் ஏதோ ஒரு கார்டு, அதனுடன் வரும் சிடி, அவ்வளவுதான். லினக்ஸில் அந்த சிடியால் காசுக்குப் பயனில்லை. கார்டுக்கான டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வர வேண்டும். வந்தால் செருகிய மறுநிமிடம் இணையம் வரும். வராவிட்டால் டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொள்வோம். அதனால் இந்த வேலையில் முக்கால் பங்கு கடைக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு கணினியை வைத்துக்கொள்வோம். 2007-இல் வந்த இன்டெல் ஜி31 சிப்செட் மதர்போர்டு, அதில் கோர் 2 டுயோ, அதன்மேல் டெபியன். இந்தியாவில் லட்சக்கணக்கான வீடுகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இருந்த ரகம், இன்னும் பல இடங்களில் இருக்கிற ரகம். மற்ற பழைய கணினிகளுக்கும் வழி இதுதான். ஸ்லாட்டும் சிப்பின் எண்ணும் மாறும்.

முதலில், செத்தது லேன் சிப்தானா என்று பார்க்க வேண்டும். கேபிளை மாற்றுங்கள். சுவிட்சிலோ ரூட்டரிலோ வேறு துளையில் செருகிப் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள், அதாவது இரண்டே ஜோடிகள் போதும். எலி கடித்த கேபிளோ, சரியாகக் கிரிம்ப் செய்யாத முனையோ இருந்தால் கிகாபிட் கார்டு 100-க்கு இறங்கிவிடும், இல்லையென்றால் இணைப்பே எடுக்காமல் திணறும். பழி கார்டின் மேல் விழும்.

அடுத்து, கணினியை நிறுத்தி, மின் கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். கணினியை அணைத்தாலும் லேன் சிப்புக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். வலையமைப்பு வழியே கணினியை எழுப்பும் வசதிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். குழம்பிய நிலையில் உறைந்துபோன சிப், முழுசாக மின்சாரம் போனால்தான் தெளியும். செலவில்லாத வைத்தியம் என்பதால் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது. பயாஸில் உள்லேன் அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. பயாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் மாறியிருக்கும் கணினிகள் உண்டு.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுங்கள். பிசிஐ வழியாக இணைந்துள்ள எல்லாச் சாதனங்களையும் அது பட்டியலிடும். ஈதர்நெட் கன்ட்ரோலர் என்ற வரியே காணோம் என்றால் சிப் முழுசாகப் போய்விட்டது. வரி இருக்கிறது, டிரைவரும் ஏறியிருக்கிறது, ஆனால் எந்தக் கேபிளைச் செருகினாலும் விளக்கு எரியவில்லை என்றால் சிப்பின் வெளிப்பக்கம், கேபிளோடு பேசும் பகுதி, பொசுங்கியிருக்கிறது. இடிக்குப் பிறகு அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் டிரான்ஸ்மிட் டைம்அவுட் என்று திரும்பத் திரும்ப வந்தாலும் சந்தேகத்துக்கு இடமுண்டு. அதற்குக் காரணம் டிரைவராகவும் இருக்கலாம் என்பதால், வேறொரு லைவ் பென்டிரைவில் கணினியைக் கிளப்பி அங்கேயும் அதே கதைதானா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கார்டு வேண்டும் என்று முடிவானால் கேபினெட்டைத் திறந்து ஸ்லாட்டைப் பார்க்க வேண்டும். ஜி31 காலத்து போர்டுகளில் வழக்கமாக இரண்டு வகை இருக்கும். நீளமாக, பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருப்பது பழைய பிசிஐ. அதைவிடக் குட்டையாக, விரல் நுனி நீளத்துக்கு இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. இன்னொரு நீளமான எக்ஸ்16 ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டுக்கானது. எக்ஸ்1 கார்டை எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்களிலும் செருகலாம், வேலை செய்யும். ஆனால் சில பழைய போர்டுகள் எக்ஸ்16-இல் கிராபிக்ஸ் கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்க மறுக்கும். அதை நம்பி வாங்காதீர்கள்.

இரண்டும் காலியாக இருந்தால் எக்ஸ்1-ஐ எடுங்கள், யோசிக்க வேண்டியதில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. பழைய பிசிஐ 32 பிட் அகலம், 33 மெகாஹெர்ட்ஸ் வேகம். பெருக்கினால் நொடிக்கு 133 மெகாபைட். இது அந்த வரிசையில் உள்ள எல்லா பிசிஐ கார்டுகளுக்கும் பொதுவான பாதை. ஒரு கிகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட். அதுவும் ஒரு திசைக்கு மட்டும். ஆக, பிசிஐ ஸ்லாட்டில் கிகாபிட் கார்டு தன் முழு வேகத்தை எட்டவே முடியாது. பக்கத்து ஸ்லாட்டில் சவுண்ட் கார்டோ கூடுதல் டிஸ்க் கார்டோ இருந்தால் இன்னும் குறையும். எக்ஸ்1 முதல் தலைமுறையாகவே இருந்தாலும் திசைக்கு 250 மெகாபைட், அதுவும் அந்தக் கார்டுக்கே சொந்தமாக. வீட்டு இணையம் 100 மெகாபிட்தான், கணினியில் உலாவி மட்டும்தான் திறப்பேன் என்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அந்தக் கணினியை வீட்டுக்குக் கோப்புச் சர்வராகவோ ரூட்டராகவோ வைத்திருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

பிசிஐ மட்டும்தான் இருக்கிறது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். கார்டின் அடியில், தங்க முலாம் பூசிய பற்களுக்கு நடுவே வெட்டு இருக்கும். வீட்டுக் கணினி ஸ்லாட்கள் 5 வோல்ட், சர்வர்களில் 3.3 வோல்ட் ஸ்லாட் உண்டு. இரண்டு வெட்டுகள் உள்ள கார்டு இரண்டுக்கும் பொருந்தும். ஒற்றை வெட்டுக் கார்டு ஸ்லாட்டில் உள்ள தடுப்போடு ஒத்துப்போகாவிட்டால் உள்ளேயே இறங்காது. அழுத்தி இறக்கப் பார்க்காதீர்கள். சர்வரிலிருந்து கழற்றிய நீளமான 64 பிட் பிசிஐ-எக்ஸ் கார்டுகள் பழைய கடைகளில் மலிவாகக் கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை சாதாரண ஸ்லாட்டில் பின்பகுதி வெளியே தொங்கியபடி இயங்கும், பின்னால் கெப்பாசிட்டரோ வேறு எதுவுமோ முட்டாமல் இருந்தால். அலுவலகங்களிலிருந்து வரும் ஒல்லியான கேபினெட் என்றால் குட்டை பிளேட் உள்ள கார்டுதான் ஏறும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள், பிறகு தனியாக அந்த பிளேட்டைத் தேடி அலைய முடியாது.

இனிதான் முக்கியமான இடம். கடையில் கார்டைக் கேட்கிறபோது நாம் சொல்வது கம்பெனிப் பெயரை. லினக்ஸுக்கு அந்தப் பெயர் ஒரு பொருட்டே இல்லை. அது பார்ப்பது கார்டின் நடுவே இருக்கும் சிப்பை. லேன் கார்டு விற்கும் கம்பெனிகளில் பல சொந்தமாகச் சிப் செய்வதில்லை. ரியல்டெக்கிடமோ மார்வெல்லிடமோ வாங்கி, தங்கள் அட்டையில் பொருத்தி, தங்கள் பெயரில் விற்கின்றன. அடுத்த வருடம் வேறு சிப் மலிவாகக் கிடைத்தால் மாற்றிவிடுவார்கள். பெட்டியில் மாடல் எண் மாறாது.

டி-லிங்க் டிஜிஇ-530டி கார்டு இதற்குச் சரியான சான்று. அதன் தொடக்கப் பதிப்புகளில் மார்வெல் யூக்கான் சிப். லினக்ஸில் அதற்கு எஸ்கேஜிஇ டிரைவர். சி1 என்ற பின்வந்த பதிப்பில் ரியல்டெக் சிப். அதற்கு ஆர்8169 டிரைவர். மாடல் எண் அதேதான். லிங்க்சிஸ் இஜி1032 கார்டும் அப்படியே: இரண்டாம் பதிப்பு மார்வெல், மூன்றாம் பதிப்பு ரியல்டெக். கெர்னல் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பதிப்புகளையும் பிரித்தறிய துணை அடையாள எண்ணை வைத்துத் தனியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஆகவே 'இந்த மாடல் என் நண்பனுக்கு லினக்ஸில் நன்றாக ஓடுகிறது' என்ற சிபாரிசு பாதிச் சிபாரிசுதான். எந்தப் பதிப்பு, எந்தச் சிப் என்பது மீதிப் பாதி.

சிப்பை அறிய இரண்டு வழிகள். ஒன்று, சிப்பின் மேலேயே அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிப்பது. கைபேசிக் கேமராவில் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். மற்றது, கார்டு ஏதாவது ஒரு கணினியில் செருகியிருந்தால் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ஒரு கோடு போட்டு என்என் என்று சேர்த்துக் கொடுப்பது. அப்போது ஒவ்வொரு சாதனத்தின் வரியிலும் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் வரும். முதலாவது சிப் செய்த கம்பெனி, இரண்டாவது சிப். இன்டெல்லின் எண் 8086. தன்னைப் பெரிய ஆளாக்கிய புராசஸரின் எண்ணையே அந்தக் கம்பெனி தன் அடையாளமாக வாங்கி வைத்துக்கொண்டது. ரியல்டெக்கின் எண் 10இசி, பிராட்காம் 14இ4. இந்த எண்ணை வைத்துத்தான் கெர்னல் டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறது. நாமும் அதை வைத்தே தேர்ந்தெடுப்பதுதான் நியாயம்.

எந்தச் சிப்? எக்ஸ்1 ஸ்லாட் இருந்தால் என் முதல் தேர்வு இன்டெல் 82574எல். இன்டெல் கிகாபிட் சிடி என்ற பெயரில் மேசைக் கணினிக்கென்றே வந்த கார்டில் இருப்பது இதுதான். டிரைவர் இ1000இ, இன்டெல் பொறியாளர்களே கெர்னலுக்குள் எழுதிப் பராமரிப்பது. தனியாக ஃபர்ம்வேர் கோப்பு எதுவும் தேவையில்லை. பிசிஐ மட்டுமே இருக்கும் கணினி என்றால் இன்டெல் புரோ/1000 ஜிடி, அதில் 82541பிஐ சிப், டிரைவர் இ1000. பல வருடம் பல லட்சம் கணினிகளில் ஓடி, வந்த பிழைகள் எல்லாம் வந்து திருத்தப்பட்டுவிட்ட டிரைவர் அது. பழைய கணினிக்கு வேண்டியது இதுபோன்ற சலிப்பூட்டும் கார்டுதான்.

இன்டெல் என்றால் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2008-இல் 2.6.27 கெர்னல் வெளியாவதற்கு முந்தைய சோதனைப் பதிப்புகளில், இ1000இ டிரைவர் கையாளும் சில உள்லேன் சிப்களின் நினைவகமே அழிந்து லேன் செயலிழந்தது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி லேன் டிரைவர் அல்ல; கெர்னலைக் கண்காணிக்கும் எஃப்டிரேஸ் என்ற வேறொரு பகுதி, எழுதக்கூடாத இடத்தில் எழுதியிருந்தது. 2013-இல் அதே 82574எல் சிப், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட மதிப்புள்ள ஒரு பாக்கெட் வந்தால் அப்படியே உறைந்துபோகிறது என்று ஓர் இணையத் தொலைபேசிப் பொறியாளர் கண்டுபிடித்தார். சில மதர்போர்டுகளில் சிப்பின் அமைப்பு நினைவகம் தவறாக எழுதப்பட்டதுதான் காரணம் என்றது இன்டெல். மின்சேமிப்புக்காக பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைத் தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம் வசதியும் இந்தச் சிப்புக்கு ஒத்துக்கொள்ளாது. டிரைவரே அதை அணைத்துவிடுகிறது. இவ்வளவு குறையும் தெரிந்துதான் இதை முதலில் வைக்கிறேன். தெரிந்த குறைக்கு மருந்தும் தெரிந்திருக்கிறது.

ரியல்டெக் பற்றிப் பலருக்கும் ஒரு முகச்சுளிப்பு உண்டு. அதற்கு வரலாறு இருக்கிறது. 100 மெகாபிட் காலத்தில் மூலைக்கு மூலை கிடைத்த ஆர்டிஎல்8139 சிப்பில், அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளுக்கு நான்கே நான்கு இடங்கள். வருகிற பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே வளையத்தில் வந்து விழும். அங்கிருந்து ஒவ்வொன்றையும் புராசஸர்தான் நகலெடுத்து உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். சிப் செய்ய வேண்டிய வேலையைப் புராசஸர் தலையில் கட்டிய வடிவமைப்பு. அதே காலத்து 3காம் 3சி905, இன்டெல் 82559 கார்டுகள் இதைவிட எத்தனையோ மேல். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 8139 மெதுவானதே தவிர நம்பகமற்றதல்ல. மேசை இழுப்பறையில் அப்படி ஒன்று கிடந்தால், 100 மெகாபிட் போதும் என்றால், தாராளமாகச் செருகுங்கள். கெர்னலில் அதற்கு இன்றும் இடம் இருக்கிறது.

கிகாபிட் ரியல்டெக்கின் சிக்கல் வேறு. ஆர்டிஎல்8111, 8168 வரிசையில் வருடாவருடம் புதுப் பதிப்புகள் வந்தன. உள்ளே மாற்றங்கள், வெளியே அதே 8168 என்ற அடையாள எண். ஆர்8169 டிரைவர், சிப்புக்குள் இருக்கும் வேறொரு பதிப்பு எண்ணைப் படித்துத்தான் கையில் இருப்பது எதுவென்று முடிவு செய்கிறது. டிமெசேஜில் எக்ஸ்ஐடி என்று காட்டுவது அதைத்தான். ஆக, பழைய கெர்னலோடு புதிய பதிப்புச் சிப் சேர்ந்தால், எண் பொருந்தியும் இணைப்பு தடுமாறிய காலம் இருந்தது. ரியல்டெக் தரும் ஆர்8168 என்ற தனி டிரைவரைப் போட்டுச் சமாளித்தவர்கள் பலர். அது கெர்னலுக்கு வெளியே இருப்பது. கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அதையும் மறுபடி கட்ட வேண்டும், ஒருநாள் கட்ட மறுக்கும். இன்றைய கெர்னலில் ஆர்8169 நன்றாகவே தேறிவிட்டது. டெபியன் 12 போன்ற ஓரளவு புதிய அமைப்பு வைத்திருப்பவர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புதிய ஆர்டிஎல்8111 கார்டை பயமில்லாமல் வாங்கலாம். ஏதோ ஒரு பழைய மென்பொருளுக்காகப் பழைய கெர்னலிலேயே நிற்க வேண்டியவர், பழைய இன்டெல் கார்டுக்குப் போவதே நல்லது.

இந்தக் கடைசிப் புள்ளியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நல்ல கார்டு, புதிய கார்டு, விலை கூடிய கார்டு என்று போய், 2.5 கிகாபிட் ஆர்டிஎல்8125 கார்டை வாங்கிவந்து பழைய கணினியில் செருகுகிறவர்கள் உண்டு. அந்தச் சிப்புக்கான ஆதரவு ஆர்8169 டிரைவருக்குள் வந்தது 2019 நவம்பரில் வெளியான 5.4 கெர்னலில். அதற்கு முந்தைய கெர்னலுக்கு அந்தக் கார்டு யாரென்றே தெரியாது. தெரிந்தாலும், 2.5 கிகாபிட் என்பது நொடிக்கு 312 மெகாபைட். முதல் தலைமுறை எக்ஸ்1 ஸ்லாட் தருவதோ 250. கொடுத்த காசில் ஒரு பகுதி ஸ்லாட்டிலேயே நின்றுவிடும். கெர்னல் எந்த வயதோ, கார்டும் அந்த வயதோ அதற்கு மூத்ததோ ஆக இருக்கட்டும்.

பிராட்காம் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள் பிராண்டட் கணினிகளிலிருந்து கழன்று வரும். டிஜி3 டிரைவரில் ஓடுபவை நல்லவை. பிஎன்எக்ஸ்2 டிரைவர் கேட்பவை தனி ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் எழாது. டெபியன் 12-இலிருந்து அந்த மாதிரிக் கோப்புகள் நிறுவும் பதிப்பிலேயே சேர்ந்து வருகின்றன. அதற்கு முந்தையவற்றில் பென்டிரைவில் தனியாகக் கொண்டுபோக வேண்டும். ஒரே கணினி வைத்திருப்பவர் இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம்.

யுஎஸ்பி லேன் அடாப்டர் போதாதா என்று கேட்பார்கள். மடிக்கணினிக்கு வேறு வழியில்லை. மேசைக் கணினிக்கு அது கடைசி வழி. பழைய கணினியில் யுஎஸ்பி 2.0 தான், தாளிலேயே 480 மெகாபிட், கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ரியல்டெக் ஆர்டிஎல்8153, ஆசிக்ஸ் ஏஎக்ஸ்88179 சிப் உள்ளவற்றைத் தேடுங்கள். நடைபாதைக் கடையில் தொங்கும் மிக மலிவான அடாப்டர்களில் எஸ்ஆர்9700 என்ற சிப் இருக்கும். உறையில் 10/100 என்று போட்டிருக்கும். சிப் யுஎஸ்பி 1.1 வகை, அந்தப் பாதையின் உச்சமே 12 மெகாபிட். லினக்ஸில் அதற்கு டிரைவர் இருக்கிறது, ஆனால் டிரைவர் வேகத்தைக் கொடுக்காது.

வாங்கும் இடத்துக்கு வருவோம். இன்டெல்லின் பழைய மேசைக் கணினிக் கார்டுகள் இப்போது பெரும்பாலும் பழையவையாகவே கிடைக்கும். சென்னையில் என்றால் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் கணினி பழுது பார்க்கும் கடைகள். 'அண்ணே, லேன் கார்டு இருக்கா?' என்று மட்டும் கேட்டால் கைக்கு முதலில் வருவதை எடுத்துக் கொடுப்பார். 'இன்டெல் சிப் உள்ளதா பாத்து எடுங்கண்ணே, எக்ஸ்1' என்று கேட்டால் பெட்டியையே உங்கள் முன் கவிழ்ப்பார். சிப்பின் எழுத்தைப் படியுங்கள். கேபிள் நுழையும் துளைக்குள் எட்டுக் கம்பிகளும் ஒரே வரிசையில் நேராக இருக்கின்றனவா, எதுவும் பச்சையோ கறுப்போ பூத்திருக்கிறதா, பற்களில் சுரண்டல் இருக்கிறதா, சிறு பாகம் ஏதாவது உடைந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லைவ் லினக்ஸ் உள்ள பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய், கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் கணினியில் செருகிப் பார்க்கக் கேளுங்கள். பழகிய கடைக்காரர் மறுக்க மாட்டார். மறுத்தால், மூன்று நாள் திருப்பிக் கொடுக்கும் பேச்சாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. இன்டெல்லின் இரட்டைத் துளை, நான்கு துளை சர்வர் கார்டுகளுக்குப் போலிகள் உண்டு. பாதிவிலைக்கு 'புத்தம் புதிது' என்று வந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டுக் கணினிக்கு ஒற்றைத் துளைக் கார்டு போதும்.

கார்டைச் செருகும் முன் பழைய அமைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஐபி முகவரி கையால் கொடுத்ததா, தானாக வருவதா, கேட்வே என்ன, டிஎன்எஸ் என்ன. மின்கம்பியைப் பிடுங்கி, கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, கார்டின் ஓரத்தைப் பிடித்து ஒரே சீராக அழுத்துங்கள். பிளேட்டின் திருகை விடாதீர்கள். கேபிளை இழுக்கும்போதெல்லாம் கார்டு அசைந்து, சில மாதம் கழித்து விட்டுவிட்டு வரும் இணைப்பாக அது திரும்பி வரும். பயாஸில் செத்த உள்லேனை அணைத்துவிடுங்கள். பாதி உயிரோடு இருக்கும் சிப்பைக் கெர்னல் ஒவ்வொரு முறையும் எழுப்பப் பார்த்துக் காத்திருப்பது தேவையில்லை.

கணினி எழுந்ததும் எல்எஸ்பிசிஐ-யோடு கே என்ற குறியைச் சேர்த்துக் கொடுங்கள். கார்டின் வரிக்குக் கீழே எந்த டிரைவர் அதை ஓட்டுகிறது என்று வரும். இ1000இ என்றோ ஆர்8169 என்றோ பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் இணையம் வராமல் இருக்கலாம், இங்கேதான் பலர் நல்ல கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓடுகிறார்கள். காரணம் பெயர். டெபியன் 8 வரையிலான பழைய அமைப்புகளில் யூடெவ் என்ற பகுதி, பழைய கார்டின் மேக் முகவரிக்கு ஈத்0 என்ற பெயரை எழுதி வைத்திருக்கும். புதிய கார்டு ஈத்1 ஆகிவிடும்; அமைப்புக் கோப்போ இன்னும் ஈத்0-வைத் தேடிக்கொண்டிருக்கும். எட்சி கோப்புறைக்குள் யூடெவ் விதிகளில் 70 என்று தொடங்கும் பெர்சிஸ்டன்ட்-நெட் கோப்பைத் திறந்து, பழைய வரியை அழித்து, புதிய கார்டின் வரியில் ஈத்1 என்பதை ஈத்0 என்று மாற்றிவிட்டுக் கணினியை மறுபடி கிளப்புங்கள். புதிய அமைப்புகளில் பெயர் ஸ்லாட்டைப் பொறுத்தது: என்பி2எஸ்0 என்பதுபோல வரும். ஐபி என்று அடித்து லிங்க் சேர்த்தால் இப்போதைய பெயர் தெரியும். அதை அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டும். ரூட்டரில் மேக் முகவரியை வைத்து ஐபி ஒதுக்கியிருந்தால் அதையும் மாற்றுங்கள். சில கேபிள் இணையக்காரர்கள் வாடிக்கையாளரின் மேக் முகவரியைத் தங்கள் பக்கம் பதிந்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு போன் போட வேண்டியிருக்கும்.

இணையம் வந்துவிட்டது என்பதால் வேலை முடியவில்லை. பழைய கார்டு ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், சூடேறியதும் கைவிடும். ஈத்டூல் கட்டளையில் வேகம் 1000, டூப்ளெக்ஸ் ஃபுல் என்று இருக்கிறதா பாருங்கள். வீட்டில் இன்னொரு கணினி இருந்தால் இரண்டிலும் ஐபெர்ஃப்3 போட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், பிறகு ஆர் குறியைச் சேர்த்து எதிர்த்திசையில் இன்னொரு மணி நேரம். எக்ஸ்1 கிகாபிட் கார்டு 940 மெகாபிட்டைத் தொட வேண்டும். பிசிஐ கார்டு அதை எட்டாது, எட்டாதது குறையல்ல. 100 மெகாபிட் கார்டு 94 காட்டினால் அதுவே அதன் முழு மார்க். முடிந்ததும் ஈத்டூலில் பெரிய எஸ் குறி போட்டுப் பிழைக் கணக்கைப் பாருங்கள். சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அதற்கும் ஏறினால் கார்டு கடைக்குப் போகட்டும். டிமெசேஜில் இணைப்பு விழுந்து எழுந்ததாக வரிகள் இருக்கக்கூடாது.

கோப்புகளைச் சேமிக்கும் கணினி என்றால் இன்னும் ஒரு சோதனை. சில கிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை அங்கிருந்து இங்கே நகலெடுத்து, இரண்டு பக்கமும் எஸ்எச்ஏ256சம் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பாக்கெட்டின் சரிபார்ப்புக் கணக்கைப் புராசஸருக்குப் பதில் கார்டே செய்யும் வசதி இருக்கிறது. கார்டு அதைத் தப்பாகச் செய்தால் கெட்ட தரவு நல்லதாக நடித்து உள்ளே வந்துவிடும். வேகம் மட்டும் பார்த்தால் இது தெரியாது. எண்கள் மாறினால் ஈத்டூலில் பெரிய கே குறியால் அந்த வசதிகளை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போது சரியாக வந்தால் கார்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம்தான், நான் வைத்துக்கொள்ள மாட்டேன். கணினியைத் தூங்கவைத்து எழுப்புகிற பழக்கம் உண்டென்றால், எழுந்த பிறகு இணைப்பு திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள்.

கணினியின் புராசஸர் 32 பிட் பென்டியம் 4 போன்றது என்றால் ஒரு கூடுதல் செய்தி: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவும் பதிப்பும் கெர்னலும் இல்லை. அத்தகைய கணினி டெபியன் 12-இலேயே நிற்கும். அதற்கும் மேலே சொன்ன 82541பிஐ, 82574எல் இரண்டும் ஓடும்.

இவ்வளவு பார்த்து வாங்கிய கார்டையும் அடுத்த ஐப்பசி இடி விட்டுவைக்காது. ஃபைபர் இணைப்புக்கு மாறியிருந்தால் தெருவிலிருந்து வரும் ஆபத்து பெருமளவு குறையும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. செம்பு வயர் வருகிற வீட்டில், மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே ஒரு மலிவான சுவிட்சை வையுங்கள். அடி வந்தால் சில சமயம் அதோடு நிற்கும், ஆனால் எப்போதும் நிற்கும் என்று நம்ப வேண்டாம். வானம் இருட்டி இடி கேட்கத் தொடங்கியதும் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு வந்து உட்காராதீர்கள். லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.